அடைப்பான் பாக்டீரியாவின் இரண்டு இரும்புப் பிடிப்பான்கள்: பேசில்லிபேக்டினும் பெட்ரோபேக்டினும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் செம்மண்ணுக்கு அந்த நிறத்தைத் தருவதே இரும்பு ஆக்சைடுதான். ஆயினும் காற்றுப்பட்ட மண்ணிலுள்ள ஃபெரிக் இரும்பு நீரில் ஏறத்தாழக் கரையாது என்பதால், அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு அது எளிதில் கிட்டுவதில்லை. அத்தகைய மண்ணில் வித்தாக உறங்கிக் கிடக்கும் அடைப்பான் பாக்டீரியாவான பேசில்லஸ் ஆந்த்ராசிஸ், மேயும் ஆடுமாடுகளின் உடலுக்குள் சென்று முளைத்த பிறகும் இதே பற்றாக்குறையைத்தான் சந்திக்கிறது. குருதியில் உள்ள இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் இறுகப் பற்றி வைத்திருக்கிறது. அதைக் கவர்ந்துவர இப்பாக்டீரியா சிடரோஃபோர் எனப்படும் சிறு மூலக்கூறுகளை வெளியே அனுப்புகிறது. அவற்றை ஒன்றல்ல, இரண்டு வகையாக, இரண்டு வேறுபட்ட முறைகளில் தயாரிக்கிறது என்பதால் ஒப்பீட்டுக்கு இது மிகத் தோதான உயிரி.

முதலாவது பேசில்லிபேக்டின். இதன் தொடக்கப் பொருள், நறுமண அமினோ அமிலங்களைக் கட்டும் ஷிகிமேட் பாதை என்னும் வேதிவினைத் தொடரில் தோன்றும் கோரிஸ்மேட்; அதிலிருந்து மூன்று நொதிகள் படிப்படியாக 2,3-டைஹைட்ராக்ஸிபென்சோயிக் அமிலத்தை உருவாக்குகின்றன. பின்னர் வருவது ரைபோசோம் சாராத பெப்டைடு உற்பத்தி; அதாவது, செல்லின் வழக்கமான புரத ஆலையான ரைபோசோம் இன்றி, நொதியே அமினோ அமிலங்களைக் கோப்பது. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளில் பழம் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஓடும் பட்டையிலேயே நகர்வதைப் போல, இங்கு வளரும் மூலக்கூறு புரதத்தை விட்டு இறங்காமலே ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்குக் கைமாற்றப்படுகிறது. டிஎச்பிஎஃப் என்னும் ஒரே புரதம், 2,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட பெருந்தொடர், கிளைசினையும் திரியோனினையும் வரிசையாகச் சேர்க்கிறது. அவ்வாறு உருவான மூன்று துண்டுகளை அதன் கடைசிப் பகுதி வளையமாகப் பிணைத்து வெளியேற்றுகிறது. மூன்று அமிலம், மூன்று கிளைசின், மூன்று திரியோனின் என ஒன்பது அலகுகளில் ஒவ்வொன்றையும் வினைக்குத் தயார்ப்படுத்த, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஒன்று செலவாகிறது. அத்தனை பெரிய புரதத்தைக் கட்டுவதற்கான செலவு இதில் அடங்காது.

இரண்டாவதான பெட்ரோபேக்டினின் நடுவில் சிட்ரேட் இருக்கிறது. அதன் இரு பக்கமும் ஸ்பெர்மிடின் என்னும் சிறு அமீன் மூலக்கூறு, ஒவ்வொரு ஸ்பெர்மிடினின் நுனியிலும் 3,4-டைஹைட்ராக்ஸிபென்சோயிக் அமிலம். இவ்வமிலத்தை ஏஎஸ்பிஎஃப் என்னும் ஒரே நொதி, ஷிகிமேட் பாதையில் கோரிஸ்மேட்டுக்கு வெகு முன்பே தோன்றும் டீஹைட்ரோஷிகிமேட்டிலிருந்து ஒரே படியில் பெற்றுவிடுகிறது. சிட்ரேட்டையும் ஸ்பெர்மிடினையும் இணைப்பவை ஏஎஸ்பிஏ, ஏஎஸ்பிபி என்னும் தனித்தனி நொதிகள். பட்டை அமைப்பு இங்கு இல்லை. நுனி அமிலத்தை மட்டும் ஒரு சிறிய சுமப்புப் புரதம் ஏந்திச் செல்கிறது என்பதால், பாடநூல்கள் பிரித்துக் காட்டும் அளவுக்கு இவ்விரு முறைகளும் உண்மையில் தூய்மையாகப் பிரிந்திருக்கவில்லை. நான்கு பிணைப்புகளே தேவை என்பதால் ஏடிபி கணக்கில் இது சிக்கனமானது; ஸ்பெர்மிடினைத் தயாரிக்கும் செலவைச் சேர்த்தால் அந்த இலாபம் ஓரளவு குறையும்.

பிடியின் வலுவை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் பேசில்லிபேக்டினே மேலானது. அதன் மூன்று கேட்டிகால் வளையங்களும் (மேற்சொன்ன அமிலங்களில் அடுத்தடுத்து இரு ஹைட்ராக்ஸில்களைத் தாங்கும் வளையங்கள்) இரும்பணுவை ஆறு ஆக்சிஜன்களால் சூழ்ந்துகொள்ள, பெட்ரோபேக்டினோ இரண்டு கேட்டிகால்களையும் சிட்ரேட் பகுதியையும் கொண்டு ஒப்பேற்றுகிறது. ஆனால் பாலூட்டிகளின் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் சிடரோகாலின் என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அதன் குழிக்குள் 2,3 வகைக் கேட்டிகால் கச்சிதமாகப் பொருந்துவதால், பேசில்லிபேக்டின் இரும்போடு சேர்த்தே சிறைப்படுகிறது. ஹைட்ராக்ஸில் ஓரிடம் தள்ளி அமைந்த 3,4 வகை அக்குழியில் அமர்வதில்லை என்பதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. பெட்ரோபேக்டினை இழந்த பாக்டீரியா எலிகளில் நோயுண்டாக்கும் திறனைப் பெரிதும் இழந்ததையும், பேசில்லிபேக்டினை இழந்தது அவ்வாறு இழக்காததையும் 2004ஆம் ஆண்டுச் சோதனைகளே காட்டியிருந்தன. இரும்பு குறைந்த ஊடகத்திலும் முதலில் சுரப்பது பெட்ரோபேக்டின்தான். மற்றது பல மணி நேரம் கழித்தே தோன்றுகிறது. எனவே, வேதியியலில் வென்றது விலங்கின் உடலில் தோற்கிறது என்றே நான் மதிப்பிடுகிறேன்.

வித்து உருவாக்கத்திலும் பெட்ரோபேக்டினுக்குப் பங்குண்டு. அது இல்லாத பாக்டீரியா குறைந்த அளவிலேயே வித்துக்களை உண்டாக்குகிறது. போச்சம்பள்ளிச் சந்தைக்கு ஆடு ஓட்டிவருவோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று இதையொட்டி உள்ளது. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருங்குருதி கசிய, திடீரென இறந்த கால்நடையை அறுக்கக் கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் வலியுறுத்துவதன் காரணம், குருதி காற்றுப்படும்போதே பாக்டீரியா வித்தாக மாறி மண்ணில் தங்கிவிடுகிறது என்பதே.

சிடரோகாலினுக்குத் தப்ப வேறு வழிகளும் இருக்கின்றன. சால்மொனெல்லா, பேசில்லிபேக்டினை ஒத்த தன் சிடரோஃபோரான என்டரோபேக்டினில் குளுக்கோஸை ஒட்டிச் சால்மோகெலினாக்குகிறது. பழைய ஆலையை அப்படியே வைத்துக்கொண்டு பொருளின் மேலுறையை மாற்றும் உத்தி இது. மிகு வீரியமுள்ள கிளெப்சியெல்லா திரிபுகளோ, சிட்ரேட்டை மையமாகக் கொண்ட ஏரோபேக்டினையே பெரிதும் நம்புகின்றன.

மருந்துக்கு இலக்காக எதைக் கொள்வது என்னும் கேள்வியில் என் தேர்வு பெட்ரோபேக்டின் பாதையே. ஷிகிமேட் பாதை விலங்குகளில் இல்லாததால், ஏஎஸ்பிஎஃப் நொதியைத் தாக்கும் பொருள் நம் உடலில் அதையொத்த பாதை எதையும் குலைக்காது. 2014இல் ஸ்டிரெப்டோமைசிஸ் வகைப் பாக்டீரியா ஒன்றிலிருந்து கண்டறியப்பட்ட பவுலாமைசின்கள் ஏஎஸ்பிஏ நொதியையும், ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸில் அதற்கு இணையான நொதியையும் தடுத்தன. அப்பாதை அடைபட்ட பாக்டீரியாவுக்கு எஞ்சும் சிடரோஃபோர் பேசில்லிபேக்டின் மட்டுமே. அதைக் கவனித்துக்கொள்ள விலங்கின் சிடரோகாலின் ஏற்கெனவே இருக்கிறது.