எங்க அப்பத்தாவும் 'பியோஷ்' சொல்லுது: ஏழு குடும்பச் சீட்டுக்கட்டு பற்றி

போன வருஷம் மூத்தவள் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தபோது மொழிப்பாடமாகத் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தாள். மார்க் வரும் என்றார்கள், கூடப் படிக்கிற பாதிப் பிள்ளைகள் எடுக்கிறார்கள், சரி என்று நாங்களும் விட்டுவிட்டோம். மூன்று மாதம் போனது. "உன் பேர் என்னன்னு பிரெஞ்சுல கேளு பாப்போம்" என்று அவள் அப்பா சொன்னால், நோட்டை எடுத்து வந்து எழுதிக் காட்டுகிறாள். எழுத்தில் ஒரு தப்பு கிடையாது, ஆனால் வாய் திறக்கவில்லை. வகுப்பில் கேள்வியும் பதிலும் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதோடு சரி, பேசவே விடுவதில்லையாம். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மொழியை இரண்டு வருஷம் படித்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் கேட்கத் தெரியாமல் போனால் எப்படி?

காலாண்டு லீவில் மதுரை மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் ஏறிப் புதுச்சேரி போனோம். அங்கே ஒரு புத்தகக் கடையில் கிடைத்ததுதான் இந்தச் சீட்டுக்கட்டு. 'செத் ஃபமீய்' என்று பெயர், ஏழு குடும்பங்கள் என்று அர்த்தம். 'செத்' என்பதில் எழுதும்போது ஒரு 'ப்' வரும், சொல்லும்போது வராது, முதல் பாடமே டப்பாவின் மேலேயே இருக்கிறது. 450 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

பிரான்சில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் ஆடுகிற பழைய ஆட்டம் இது. மொத்தம் 42 சீட்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆறு பேர்: தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, மகன், மகள். ஆளுக்கு ஏழு சீட்டு போட்டுவிட்டு மிச்சத்தை நடுவில் கவிழ்த்து வைக்க வேண்டும். யாரிடம் இருக்கும் என்று நினைக்கிறோமோ அவரைப் பார்த்து, "தான் லா ஃபமீய் இன்னார், ஜு துமாந்து லு பேர்" என்று கேட்க வேண்டும். இன்னார் குடும்பத்தில் அப்பாவைக் கேட்கிறேன் என்று பொருள். இருந்தால் அவர் கொடுத்தே ஆக வேண்டும், நாம் மறுபடி கேட்கலாம். இல்லையென்றால் "பியோஷ்!" என்பார், அதாவது நடுவிலிருந்து ஒன்று எடு. எடுத்தது கேட்ட சீட்டாகவே இருந்துவிட்டால் "பொன் பியோஷ்!" என்று கத்திவிட்டு இன்னொரு தடவை ஆடலாம். ஆறு பேரும் சேர்ந்தால் ஒரு குடும்பம், அதிகக் குடும்பம் சேர்த்தவர் ஜெயித்தார்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், வாயைத் திறக்காமல் ஆட முடியாது. ஒரு ஆட்டத்தில் ஒவ்வொருவரும் அந்த முழு வாக்கியத்தை இருபது தடவையாவது சொல்லிவிடுவோம், ஜெயிக்கிற அவசரத்தில் கூச்சம் எங்கே போனது என்றே தெரியவில்லை. நாலாவது ராத்திரி மகள், தொண்டையை உரசிக்கொண்டு வருகிற அந்த 'ர்'ஐத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆறாவது படிக்கிற சின்னவன் 'ஃபிஸ்', 'ஃபீய்' இரண்டிலும்தான் தடுமாறினான், முன்னது மகன், பின்னது மகள். மகன் என்ற சொல்லில் எழுதியிருக்கிற 'ல்' ஒலிக்காது, கடைசி 'ஸ்' மட்டும் ஒலிக்கும். சீட்டைப் பார்த்துப் படித்தால் வராது, காதால் கேட்டால்தான் வரும். உச்சரிப்பில் சந்தேகம் வந்தால் டிவி5மோந்த் என்ற பிரெஞ்சுச் சேனலின் இலவசப் பாடத் தளத்தைப் பார்க்கிறோம், ஏ1 என்கிற ஆரம்ப நிலையிலிருந்து வீடியோவும் பயிற்சியும் உண்டு.

என் மாமியார், பிள்ளைகளின் அப்பத்தா, முதலில் ஓரமாக உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் "எனக்கும் ஒரு கை போடு" என்றார். அவருக்கு ஆங்கிலமும் படிக்க வராது, பிரெஞ்சும் படிக்க வராது, ஆனால் சீட்டில் படம் இருக்கிறதே. முழு வாக்கியம் வர அவருக்கு ஒரு மாதம் ஆனது. "பியோஷ்" மட்டும் முதல் நாளே வந்துவிட்டது, இப்போது பேரன் பிஸ்கட் கேட்டால்கூட "பியோஷ்" என்கிறார். அவர்தான் கேட்டார், "ஏத்தா, அவுகளுக்கு அப்பத்தா, அம்மாச்சின்னு தனித்தனியா கெடையாதா?" கிடையாது. இருவருக்கும் 'கிராந்மேர்' ஒன்றுதான், பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் 'ஓங்க்ளு'தான். நம் சொந்தபந்தத்தை அவர்கள் சொல்லில் எப்படிச் சொல்வது என்று அன்று ஒரு மணி நேரம் பேச்சு, சீட்டு அப்படியே கிடந்தது.

குறை இல்லாமல் இல்லை. அட்டை மெலிசு, மூன்றே மாதத்தில் ஓரம் பிரிந்துவிட்டது. விதிமுறைத் தாள் பிரெஞ்சில் மட்டும் இருக்கிறது, புதிதாக ஆரம்பிக்கிற வீட்டுக்கு அது உதவாது. என் தங்கைக்காக ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய இன்னொரு கட்டில் 41 சீட்டுதான் வந்தது. ஒரு குடும்பத்தில் மகளைக் காணவில்லை! ஆட்டத்தின் நடுவில்தான் தெரிந்தது, எழுதிக் கேட்டும் பதில் இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, காணாமல் போன அந்தச் சீட்டை மூத்தவளே வரைந்து சேர்த்தாள்.

அதிலிருந்துதான் அடுத்த யோசனை வந்தது. வாங்கிய கட்டில் உறவுச் சொல் ஆறு, வாக்கியம் ஒன்று, இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். அதனால் பத்திரிகை அட்டையிலேயே எங்கள் ஏழு குடும்பத்தைச் செய்தோம்: காய், பழம், பூ, மசாலா, பாத்திரம், துணி, வீட்டுச் சாமான். தேடத் தேட நம் சொற்களே அங்கே உட்கார்ந்திருந்தன. 'வெத்திவேர்' என்று அவர்கள் சொல்வது நம் வெட்டிவேர்தான், தமிழிலிருந்து போனது. முருங்கை 'மொரிங்கா' ஆகியிருக்கிறது. கோடையில் பானையில் வெட்டிவேர் போடுகிற அத்தைக்கு அந்தச் சீட்டு வந்தால் கொடுக்க மனசே வராது. பிரெஞ்சில் பொருள்களின் பெயருக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. மல்லிகை 'லு ஜாஸ்மன்', ஆண்பால். பூ என்ற பொதுச்சொல் 'லா ஃப்ளர்', பெண்பால். "மதுரை மல்லி எப்படித்தா ஆம்பளையாகும்?" என்ற கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

எண்களுக்கு மட்டும் இந்த ஆட்டம் போதாது. அதற்கு ஞாயிறு காலை மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை விலைப்பலகைதான் எங்களுக்குப் பாடம், 1999இல் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் திறந்த உழவர் சந்தை அது. பிரெஞ்சில் 70 என்றால் அறுபது-பத்து, 80 என்றால் நாலு-இருபது, 90 நாலு-இருபது-பத்து. கிலோ 96 ரூபாய்ப் பீன்ஸை நாலு-இருபது-பதினாறு என்று சின்னவன் கணக்குப் போட்டுச் சொல்லி முடிப்பதற்குள் நான் பையில் வாங்கிப் போட்டுவிடுவேன்.

வாங்குவதானால் புதுச்சேரி போகிறவர்கள் யாரிடமாவது சொல்லி நேரில் வாங்குங்கள், கடையிலேயே பிரித்து 42 எண்ணிப் பாருங்கள். நாலு பேர் இருந்தால் அரை மணிக்குள் ஒரு ஆட்டம் முடியும், இரண்டு பேர் மட்டும் ஆடினால் சப்பென்று இருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி தோசை முடிந்ததும் முதலில் கட்டை எடுத்துக் கலைப்பது அத்தைதான்.