கிட்டாருக்கு லாக்கர் அடிக்க: டப்பா, பெரிய கன், சின்ன கன், டர்பைன்

கையால் கிட்டார் செய்கிறவர் ஸ்ப்ரே கன் வாங்கப் போனால், கிடைக்கிற ஆலோசனை முக்கால்வாசி கார் பெயிண்டருக்கும் கதவு, பீரோவுக்குப் பாலிஷ் போடுகிறவருக்கும் உரியது. அவர்களுக்குப் பெரிய பரப்பை வேகமாக முடிக்க வேண்டும். கிட்டாரில் பரப்பு கொஞ்சம்தான், ஆனால் இடுப்பு உள்ளே வளைகிறது, கழுத்து உடலோடு சேரும் ஹீல் ஒரு மூலை, கட்அவே (கழுத்தின் அருகே உடலில் வெட்டிய வளைவு) இருந்தால் இன்னொரு குழி. மேல் பலகையில் எந்தக் கன்னும் ஓரளவு ஒழுங்காகவே அடிக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இந்த மூன்று இடங்களில்தான் கன்னின் சாயம் வெளுக்கும். நான் சொல்வதெல்லாம் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கு, அதாவது கடையில் என்.சி. லாக்கர் என்று கேட்டால் தருவார்களே, அதற்கு.

ஸ்ப்ரே டப்பாவை மட்டமாகப் பேசுகிறவர்கள் அதிகம். ஒன்றிரண்டு கிட்டாரோடு நிறுத்திவிடப் போகிறவருக்கு அதுவே போதும் என்பேன். டப்பாவுக்குள் இருப்பதில் பெரும்பகுதி கேஸும் தின்னரும்தான், அதனால் ஒவ்வொரு கோட்டும் மெல்லியதாக விழும், ஒரு கிட்டாருக்கு மூன்று நான்கு டப்பா தீர்ந்துவிடும். அடிக்க அடிக்க டப்பா குளிர்ந்து அழுத்தம் குறையும், துளி பெரிதாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் சரியாகிவிடும் (கொதிநீர் வேண்டவே வேண்டாம், வெடிக்கும்). அதற்கு மேல் கிட்டார் செய்வதாக இருந்தால் டப்பாச் செலவே ஒரு கன்னின் விலையைத் தாண்டிவிடும்.

அடுத்து கம்ப்ரஸரில் மாட்டும் பெரிய ஹெச்.வி.எல்.பி. கன். காற்று நிறைய, அழுத்தம் குறைவு என்பதுதான் இதன் தத்துவம். முனையில் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாது, அதனால் லாக்கர் மரத்தில் மோதித் திரும்பாமல் ஒட்டுகிறது, பழைய மாதிரி கன்னைவிட வீணாவது நிறையவே குறைவு. எல்லாம் சரி, காற்றுக்கு எங்கே போவது? இந்தக் கன் நிமிடத்துக்கு 10 கன அடி, அதாவது சுமார் 280 லிட்டர் காற்று குடிக்கும். வீட்டில் வைத்திருக்கிற 50 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்குவதற்குள் கொடுப்பது 250 லிட்டர்தான். மோட்டார் கூடவே ஓடினாலும் சின்ன மோட்டாரால் ஈடுகொடுக்க முடியாது. பாதி உடல் அடிக்கும்போதே அழுத்தம் விழும், துளி தடிக்கும், ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும். கம்ப்ரஸர் லேபிளில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணையும் நம்பாதீர்கள், அது பெரும்பாலும் பிஸ்டன் இழுக்கும் கணக்கு, குழாய் வழியே வெளியே வருவது அதைவிடக் குறைவு. போதாக்குறைக்கு, பெரிய கன்னின் விசிறி, அதாவது லாக்கர் விரிந்து விழும் பட்டை, 10 அங்குல அகலம், கிட்டாரின் பக்கப் பலகையோ 4 அங்குலம் சொச்சம். விசிறியைக் குறுக்கலாம்தான், ஆனால் ஹீல் மூலைக்குள் அந்தக் கன்னை நுழைத்துத் திருப்பிப் பாருங்கள், புரியும்.

என் ஓட்டு சின்ன கன்னுக்கு, டச்-அப் கன் என்று விற்பார்களே, அது. 0.8 அல்லது 1.0 மி.மீ. நாசில், 125 மில்லி அளவில் ஒரு கப். காற்று 2 முதல் 4 கன அடி போதும், அதே 50 லிட்டர் டேங்க் தாராளமாகத் தாங்கும். குறுகிய விசிறியை வைத்து இடுப்பு வளைவை ஒரே கோணத்தில் சுற்றி வரலாம், மூலையில் காற்று மோதித் திரும்பிப் பொடி படிவதும் குறைகிறது. குறை இல்லாமல் இல்லை. பின் பலகைக்கு நிறைய வரிசை அடிக்க வேண்டும், வெயில் காலத்தில் அடுத்த வரிசை வருவதற்குள் முந்தைய வரிசை காய்ந்து சொரசொரப்பாகிவிடும், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கொஞ்சம் கலந்தே ஆக வேண்டும். லாக்கருக்கு முன் மரத்தில் அடிக்கும் கெட்டியான சீலரும் இந்த நாசிலில் நன்றாகத் தெறிக்காது, கூடுதலாகத் தின்னர் சேர்க்க வேண்டும்.

கன் எதுவானாலும் கம்ப்ரஸர் என்றால் தண்ணீர்ப் பிரச்சினை உண்டு, சென்னை மாதிரி கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். எல்லோரும் ஃபில்டரைக் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டுகிறார்கள். அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கும், ஈரம் ஆவியாகவே தாண்டிப் போய்விடும். பத்து மீட்டர் ஹோஸ் விட்டு, காற்று ஆறிய பிறகு கன்னுக்குக் கிட்டே மாட்டினால்தான் தண்ணீர் சிக்கும். ஆனால் லாக்கர் வெள்ளையாகப் பூத்துப்போவதற்கு ஃபில்டர் மருந்தில்லை. தின்னர் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, வெளிக்காற்றின் ஈரமே அதில் படிகிறது. மழை நாளில் அடிக்காமல் இருப்பதுதான் வழி, முடியாவிட்டால் ரிடார்டர்.

டர்பைன், அதாவது கம்ப்ரஸருக்குப் பதில் சுழலும் விசிறிகளால் காற்றை ஊதும் மெஷின், இந்த ஹோஸ் தண்ணீர், கம்ப்ரஸர் எண்ணெய்த் தொல்லை இரண்டையும் ஒரேயடியாகத் தீர்த்துவிடுகிறது, வருவது சூடான உலர்ந்த காற்று. தின்னர் கலந்த லாக்கருக்கு மூன்று ஸ்டேஜ் (மூன்று விசிறி அடுக்கு) மெஷின் போதும். ஆனால் அந்தச் சூட்டிலேயே லாக்கர் பரவும் முன் காய்ந்துவிடும் அபாயம் உண்டு, ஹோஸ் தடித்தது, கிட்டாரைச் சுற்றி வளைந்து வர மல்லுக்கட்ட வேண்டும், வெளிநாட்டு மெஷின் விலையோ தலை சுற்றும். வாங்கினால் ட்ரிக்கரை விட்டதும் காற்று நிற்கிற கன்னாகப் பாருங்கள், இல்லையென்றால் அது சும்மா ஊதிக்கொண்டே அறைத் தூசியைக் கிளப்பி ஈர லாக்கரில் ஒட்டவைக்கும். ஹெச்.வி.எல்.பி. என்ற பெயரிலேயே, கைப்பிடியில் மோட்டாரோடு மலிவாக வரும் மின்சார கன் சுவர் பெயிண்டுக்கானது. அதைக் கிட்டார் பக்கமே கொண்டுவராதீர்கள்.

பேனா மாதிரி இருக்கும் ஏர்பிரஷ், சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர், ஓரம் கருமை) ஓரம் போட மட்டும் அருமை, கிளியர் கோட்டுக்கு விடிய விடிய அடிக்க வேண்டியதுதான்.

சின்ன கன் வாங்கி மிச்சமான காசில் ஆவி தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வாங்குங்கள், துணி மாஸ்க் தின்னருக்குச் சல்லடைதான். சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனின் மோட்டார் வழியாக லாக்கர் புகையை இழுக்காதீர்கள், ஒரு பொறி போதும். கம்ப்ரஸர், நீங்கள் அடிக்கிற அறைக்கு வெளியே இருக்கட்டும். டூ-கே பி.யூ., அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன், அடிக்கிற எண்ணம் இருந்தால் இந்த மாஸ்க்கை நம்பி இறங்காதீர்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் முகமூடி வேண்டும், அந்தச் செலவையும் கன் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.