ஆட்டுக்கிடைவரை போகும் வண்டி: எக்ஸ்பல்ஸ் 200 4வி, இரண்டு வருஷத்துக்குப் பிறகு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். மழை விட்ட பிறகு திசையன்விளைக்கு மேற்கே ஓர் ஆட்டுக்கிடைக்கு என் ஸ்கூட்டரில் கிளம்பினேன். ஓடை அறுத்துக்கொண்டு போயிருந்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, மருந்துப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது நாலைந்து ஆடுகள் செத்துக் கிடந்தன. இரண்டு மணி நேரம் முந்தி வந்திருந்தால் அவற்றில் சிலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம். நான் கால்நடை மருத்துவர். அந்தத் தை மாதமே ஹீரோ எக்ஸ்பல்ஸ் வாங்கினேன்.

இப்போது மீட்டரில் 21,400 கிலோமீட்டர். முக்கால்வாசி நாங்குநேரி, இராதாபுரம் தாலுகாக்களின் வண்டித்தடம், குளக்கரை, தேரி என்கிற செம்மணல் மேடு.

வண்டியைப் பற்றிய விவரம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். 199.6 சிசி, ஆயில் கூலிங், 19 குதிரைத்திறன். முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம் ஸ்போக் வீல். தரைக்கும் இன்ஜின் அடிக்கும் 220 மில்லிமீட்டர் இடைவெளி. எடை 160 கிலோவை ஒட்டி. இதில் எனக்கு முக்கியமாகப் பட்டவை முன்சக்கரமும் எடையும்தான். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் விழுந்து நின்றுவிடுகிற குழியில் 21 அங்குலச் சக்கரம் ஏறி உருண்டு போகிறது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 ஓட்டிப் பார்த்தேன், அருமையான வண்டி. ஆனால் 199 கிலோ. தேரிக்குள் தனியாக விழுந்தால் நான்தான் தூக்க வேண்டும். அந்த 40 கிலோ வித்தியாசம் எனக்குப் பெரிது.

என் உயரம் ஐந்தடி மூன்று. சீட் உயரம் 825 மில்லிமீட்டர். "இம்புட்டு உசரமா? கால் எட்டுமா தாயி?" என்று அப்பா கேட்டார். இரண்டு காலும் சேர்ந்தாற்போல் எட்டாதுதான். ஸ்பிரிங் பக்கத்து லிங்க்கை மாற்றி வண்டியையே தாழ்த்திவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தரை இடைவெளிக்காக வாங்கிய வண்டியில் அதையே வெட்டிக் குறைப்பதாகும். நான் செய்தது இரண்டு. சீட் கவர் தைக்கிற கடையில் கொடுத்து, பஞ்சை நடுவில் ஓர் அங்குலம் சீவச் சொன்னேன். அப்புறம் பின்பக்க ஷாக்கின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை, என் எடைக்குச் சரிசெய்தேன். பின்சக்கரம் மேலும் கீழும் ஆடக்கூடிய மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, நாம் ஏறி உட்காரும்போது வண்டியின் பின்பக்கம் இறங்க வேண்டும். இந்த வண்டியில் அந்தத் தூரம் 170 மில்லிமீட்டர் என்பதால் 55 வாக்கில் இறங்கினால் சரி. ஒருவர் டேப் பிடித்தால் பத்து நிமிஷ வேலை, காசு கிடையாது. அதன் பிறகு இடது கால் முழுதாக ஊன்றுகிறது. நிற்க ஒரு கால் போதும். மேடு எந்தப் பக்கம் என்று பார்த்து நிறுத்தப் பழகினால் உயரம் ஒரு பிரச்சினையே இல்லை.

பைக்கில் என்னென்ன மாட்டலாம் என்பதற்கு வருகிறேன். நான் பணத்தை வீணாக்கியதும் இதில்தான்.

ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி ஐஸிலேயே இருக்க வேண்டும். வெயில் பட்டால் கெட்டுப்போகும். அதற்காக வெளியூர்க் கடை ஒன்றில் இரண்டு பக்கமும் தகரப் பெட்டியும் அதைத் தாங்கும் ஸ்டாண்டும் வாங்கினேன். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. மூன்றாவது மாதம், இடையன்குடிப் பக்கம் ஒரு கிடைக்குப் போகும்போது இடப்பக்கத்து வெல்டிங் விட்டுப் பெட்டி சங்கிலியை உரசியது. பங்குனி வெயில். ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, முதல் கியரிலேயே ஆறு கிலோமீட்டர் உருட்டினேன். கடைக்காரரைக் கூப்பிட்டால், "அது ரோட்டுக்குத்தான் மேடம்" என்றார். விற்கும்போது அப்படிச் சொல்லவில்லை.

வள்ளியூரில் ஒரு லேத் பட்டறை அண்ணாச்சி பார்த்துவிட்டுச் சொன்னார்: "டாக்டரம்மா, குலுக்கத்துல இரும்பு வளையாது, ஒடிஞ்சிரும். கனத்தைக் குறைங்க, நடுவுக்குக் கொண்டாங்க, பாத்துக்கிடுங்க." அவர் ஒரு சின்ன பைப் கேரியர் செய்து கொடுத்தார். சீட்டுக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும், தடுப்பூசிப் பெட்டி அதில் அப்படியே உட்காரும். பெட்டிக்கு அடியில் பழைய டியூப் துண்டு. மற்றதெல்லாம் துணிப்பையில், சீட்டின் இரண்டு பக்கமும் தொங்கும். விழுந்தால் பை நசுங்கும், அவ்வளவுதான். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பணகுடிச் சாலையில் பக்கவாட்டில் அடிக்கும்போது அகலப் பெட்டிகள் இல்லாதது எத்தனை நிம்மதி என்று ஒவ்வொரு வருஷமும் நினைக்கிறேன்.

டயருக்குச் செலவழியுங்கள். கூட வந்த டயர் தார் ரோட்டுக்கும் கெட்டித் தடத்துக்கும் நல்லதுதான். தேரி மணலுக்கு நான் பின்னால் மட்டும், ரப்பர் கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும் பட்டன் டயர் மாற்றினேன். நாற்கரச் சாலையில் உறுமும், சீக்கிரம் தேயும், மழையில் நனைந்த தாரில் பிரேக்கைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். மணலில் அது கடித்து இழுக்கும்போது இந்தக் குறையெல்லாம் மறந்துபோகும்.

காற்றைக் குறைப்பது டயரைவிடப் பெரிய வித்தை. மணலுக்குள் இறங்குமுன் இரண்டு சக்கரத்திலும் 18 பிஎஸ்ஐக்குக் கொண்டுவருகிறேன். டயர் பரந்து மிதக்கும். அதற்கும் கீழே போனால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கும். வால்வும் பிய்யும். திரும்ப ரோட்டுக்கு வந்ததும் காற்றடிக்க ஒரு கைப்பம்பு சீட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கிறேன். தேரியில் இரண்டாம் கியர், எழுந்து நின்று உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, பார்வை தூரத்தில், ஆக்ஸிலரேட்டர் ஒரே சீராக. முன்சக்கரம் ஆடும். ஆடட்டும், விட்டுவிடுங்கள். இறுக்கிப் பிடித்தவர்தான் விழுவார். நின்று ஓட்ட வசதியாக கிளட்ச், பிரேக் லீவர்களைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பி வைத்தேன். மணிக்கட்டு வலி அன்றோடு போயிற்று. இதற்கும் செலவு இல்லை.

எங்கள் ஊரில் வண்டிக்கு முதல் எதிரி சீமை உடைமுள், அதாவது சீமைக் கருவேல முள். இந்தச் சக்கரங்கள் டியூப் போட்டவை. முதல் இரண்டு மாதத்தில் ஐந்து பஞ்சர். திசையன்விளைக் கடையில் கேட்டால், "இருபத்தொண்ணுக்கு டியூப் இங்கன எங்க கெடைக்கி?" என்றார்கள். அதனால் கனமான டியூப் போட்டு, 21 அங்குல டியூப் ஒன்று எப்போதும் கையில் வைத்திருக்கிறேன். அவசரத்துக்கு அதையே 18 அங்குலப் பின்சக்கரத்திலும் மடித்துப் போட்டு வீடு வந்து சேரலாம். இரண்டு டயர் லீவர், சின்னப் பாட்டிலில் சோப்புத் தண்ணீர். டயரின் எதிர்ப்பக்க ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் மிதித்துத் தள்ளினால் இந்தப் பக்கம் தானாக இளகும். இது தெரியாமல்தான் முதல் தடவை லீவரால் புது டியூபையும் கிழித்தேன். கனமான டியூப் போட்ட பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு பஞ்சர்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸில் ரோடு, ஆஃப்ரோடு, ரேலி என்று மூன்று நிலை. ரேலியில் அது அணைந்துவிடும். சரள், மணல் இறக்கத்தில் சக்கரம் கொஞ்சம் பூட்டி மண்ணைக் குவித்தால்தான் வண்டி நிற்கும். தார் ஏறியதும் ரோடு நிலைக்கு மாற்ற மறக்கக் கூடாது.

சங்கிலிக்கு எண்ணெய் விட்டால் துடைத்துவிடுங்கள். ஈரமாக விட்டால் செம்மணல் ஒட்டி உப்புத்தாள் போல ராவிவிடும். ஏர் ஃபில்டரை ஆடிக் காற்று காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறேன்.

விழுந்தால் தூக்குவது எப்படி என்று பெண்கள் பலர் கேட்கிறார்கள். இன்ஜினை அணைத்து கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே இறக்கிவிடுங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, இடுப்பை சீட்டோடு ஒட்டி, ஒரு கையில் ஹேண்டில்பார், மறு கையில் பின்கைப்பிடி. முதுகால் இழுக்காமல் காலால் உந்திப் பின்பக்கமாக நடங்கள். வந்துவிடும்.

நீண்ட தூரத்துக்கு? திருநெல்வேலியிலிருந்து மதுரைவரை 80, 85 வேகத்தில் பொறுமையாகப் போகும். அதற்கு மேல் 200 சிசியிடம் கேட்பது நியாயமில்லை. மாதம் இருமுறை பெங்களூரு போகிறவர் வேறு வண்டி பார்க்கலாம். மாஞ்சோலைக் காட்டுக்குள் ஓட்ட ஏற்றதா என்று கேட்கிறவர்களுக்கு: அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். எந்த வண்டியோடும் தடம் தேடிக் காட்டுக்குள் நுழையாதீர்கள். ஓட்டிப் பழக குளத்தங்கரையும் தேரி ஓரமும் போதும். அங்கேயும் விதைத்த வயலில் இறங்காதீர்கள்.

போன வாரம் நாங்குநேரிப் பக்கம் அறுத்த வயலில் கிடை போட்டிருந்தார்கள். 300 ஆடு, பாதிக்கு மேல் கன்னி இன ஆடு. வரப்போரம் வண்டியை நிறுத்திப் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் கட்டி மூலை உடையாமல் இருந்தது. பின் டயரில் பட்டன் தேய்ந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு முன் மாற்ற வேண்டும்.