பாடகர் குழுவைப் பதிவு செய்ய ஆள் கூப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் 16 பேர். கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு, வாத்தியம் இல்லாமல் ஆறு பாமாலைகளை நாலு குரலில் பாடிப் பதிவு செய்தோம். பதிவு செய்ய வந்தவருக்கு 12,000 ரூபாய். இடது காதிலும் வலது காதிலும் வெவ்வேறாகக் கேட்கும் ஸ்டீரியோ என்று சொல்லி அவர் கொடுத்தது வெறும் மோனோ, இரண்டு காதிலும் ஒரே சத்தம்.

ஒரே ஸ்டீரியோ மைக் போதும் என்று அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரே மைக்குக்குள் சத்தத்தை வாங்கும் பகுதி, அதாவது கேப்ஸ்யூல், இரண்டு இருக்கும்; ஒன்று இடப்பக்கம் பார்க்கும், மற்றது வலப்பக்கம். 1931இல் ஆலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தபோதே இரண்டு மைக்கை ஒரே இடத்தில் வைக்கும் முறை அதில் இருந்தது. ஒருவர் குரலை ஒருவர் கேட்டு அனுசரித்துப் பாடும் குழுவுக்கு, ஆளுக்கொரு மைக் வைப்பதைவிட இதுதான் இயல்பாக இருக்கும். ஆனால் தனித்தனி டிராக் கிடையாது. யார் குரல் எவ்வளவு கேட்கும் என்பது ஆட்களும் மைக்கும் நிற்கும் இடத்திலேயே முடிவாகிவிடும்.

எங்களுக்கு வந்த மைக்கின் ஐந்து பின் கேபிள், கடைசியில் இரண்டு முனையாகப் பிரிந்தது. ஒன்று ரெக்கார்டரில் இருந்தது. இன்னொன்று ஜமுக்காளத்தின் ஓரத்தில் சும்மா கிடந்தது. என் கண்ணால் பார்த்தேன், கேட்கவும் கேட்டேன். "அது ஸ்பேர் அண்ணாச்சி" என்றார். நம்பிவிட்டேன். ஃபேனையெல்லாம் நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் வியர்க்க வியர்க்கப் பாடினார்கள். கிளம்பும்போதே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

பதிவில் பேஸ் குரல்கள் (ஆண்களின் அடிக்குரல்கள்) பக்கத்து அறையிலிருந்து வருவது போலக் கேட்டன. அவர்கள் நின்றது வலது ஓரம். இடப்பக்கம் பார்த்த கேப்ஸ்யூல் மட்டும்தான் பதிவாகியிருக்கிறது. போன் செய்தால், "மிக்ஸிங்ல சரி பண்ணிடலாம்" என்று இன்னும் 3,000 வாங்கிக்கொண்டு, அதே பதிவில் எதிரொலியைச் சேர்த்து அனுப்பினார். அப்புறம் அக்கா மகன் முதல் ஃபைலை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறந்து, ஒரு பக்கத்தை மட்டும் தலைகீழாக்கி இரண்டையும் கலந்து காட்டினான். திரையில் ஒரு நேர்கோடு, சத்தமே இல்லை. இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒன்று என்றால்தான் அப்படி வரும். இதைச் சொன்ன நாளிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை.

நீங்கள் ஏற்பாடு செய்தால், பாட்டு தொடங்கும் முன் இடது ஓரத்தில் ஒருவரையும் வலது ஓரத்தில் ஒருவரையும் கைதட்டச் சொல்லி, ஹெட்போனில் நீங்களே கேளுங்கள். சத்தம் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு நகர வேண்டும். அப்படியே ஒரு சரணம் பதிவு செய்து, எந்தக் குரலாவது அமுங்கினால் அவர்களை ஓரடி முன்னால் நிறுத்துங்கள். ஃபைலைக் கேட்டுப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எங்கள் டெனர்களில் (ஆண்களின் மேல்குரல் பாடுகிறவர்களில்) இரண்டு பேர் ஜனவரி முதல் வாரமே ஷார்ஜா திரும்பிவிட்டார்கள். அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்துத்தான்.