ஸ்டாண்டு, பேட்டரி, டிராக்கர்: நம்மூர் வானத்துக்கு இந்த வரிசையில் வாங்குங்க

"அண்ணாச்சி, எந்த டிராக்கர் வாங்கலாம்?" நட்சத்திரப் படம் எடுக்க ஆசைப்பட்டு வர்ற எல்லாரும் முதல்ல கேட்கிறது இதைத்தான். டிராக்கர்னா, வானம் நகர்ற வேகத்துக்குக் கேமராவை மெதுவாத் திருப்புற மோட்டார் கருவி. அதோட அச்சைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துச் சரிபண்ணி வைக்கணும். வள்ளியூர்ல கல்யாண ஸ்டூடியோ வச்சிருக்கேன். தேய்பிறையில முகூர்த்தம் குறைவு, அமாவாசையை ஒட்டி கேமரா சும்மாதான் கிடக்கும். அந்த ராத்திரிகள்ல ராதாபுரம் பக்கத்துக் குளத்துக்கரை, சாத்தான்குளம் தேரி, உவரிக் கடற்கரைன்னு சுத்துவேன். என் பதில் எப்பவும் ஒண்ணுதான்: டிராக்கர் கடைசி. முதல்ல ஸ்டாண்டு, அப்புறம் பேட்டரி. கையில இருக்கிற காசை அந்த வரிசையில பிரிங்க.

யூடியூப்ல இதுக்கு நேர் எதிரா சொல்வாங்க. அதைச் சொல்றவங்க பெரும்பாலும் ஐரோப்பாவிலயோ அமெரிக்காவிலயோ 40, 50 டிகிரி அட்சரேகையில உட்கார்ந்திருக்காங்க. திருநெல்வேலி சுமார் 8.7 டிகிரி. அவங்க ஊர்ல துருவ நட்சத்திரம் பாதி வானத்துல நிக்கும். நமக்குப் பனைமரத்துத் தலையோட ஒளிஞ்சு விளையாடும். குளிர்ல பேட்டரி செத்துப்போகுதுன்னு அவங்க புலம்புவாங்க. நம்ம பேட்டரிக்கு எமன், பகல்ல பூட்டின காருக்குள்ள இருக்கிற வெக்கை. அங்க நல்லா இருக்கிற சாமான் இங்க இடக்கு பண்றது இதனாலதான்.

ஸ்டாண்டுக்கு வருவோம். நான் எந்த ஸ்டாண்டையும் ஒரே மாதிரிதான் சோதிப்பேன். கேமராவை மேல மாட்டி, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை லைவ் வியூவில பத்து மடங்கு பெரிசாக்கி வச்சுக்கிட்டு, ஒரு காலை விரலால லேசா சுண்டுறது. திரையில அந்தப் புள்ளி புழுவா நெளியும். எத்தனை நொடியில அடங்குதுன்னு எண்ணணும். பையில போட்டுப் போறதுக்குன்னு விக்கிற, அஞ்சா மடங்குற ஒல்லிக் கார்பன் ஸ்டாண்டுகள்ல நெளிவு நாலஞ்சு நொடி நீடிக்கிறதைப் பார்த்திருக்கேன். அடங்குறதுக்குள்ள அடுத்த காத்து வந்துரும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற காத்துக்குத்தான் முப்பந்தலிலிருந்து பணகுடி, ராதாபுரம் வரைக்கும் காத்தாடி நட்டு வச்சிருக்கான். அந்தக் காத்துல நின்னு ரெண்டு நிமிஷம் ஷட்டரைத் திறந்து வைக்கப் போறவனுக்கு எடை குறைஞ்ச ஸ்டாண்டு எதுக்கு?

நான் வச்சிருக்கிறது போட்டோ ஸ்டாண்டே இல்லை, சர்வே ஸ்டாண்டு. நிலம் அளக்கிறவங்க டோட்டல் ஸ்டேஷன் மாட்டுவாங்களே, அந்த மூணு கால். பழசுதான், மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. அலுமினியக் கால், தட்டையான அகலத் தலை, கால் நுனியில இரும்புக் கூர். கூருக்குப் பக்கத்துல மிதிக்கிறதுக்குன்னே ஒரு காது இருக்கும். அதுல கால் வச்சு ஒரு அழுத்து அழுத்தினா கரிசல்ல நல்லா இறங்கி நிக்கும். சுண்டிப் பார்த்தா ஒரு நொடியில அடங்கிரும். குறை ரெண்டு. எடை அஞ்சு கிலோவுக்கு மேல, பைக்ல வச்சுப் போறவங்களுக்குச் சிரமம். அப்புறம் திருகு. சர்வே ஸ்டாண்டோட திருகு 5/8 இன்ச், நம்ம டிராக்கர், கேமராவைத் திருப்பிப் பூட்டுற பால் ஹெட் எல்லாம் 3/8 இன்ச். நடுவுல ஒரு அடாப்டர் வேணும். ஆன்லைன்ல கிடைக்குது, நான் பேட்டையில ஒரு லேத் பட்டறையில பித்தளையில கடைஞ்சு வாங்கினேன்.

சொல்லாமப் போக முடியாத மூணாவது குறை ஒண்ணு இருக்கு. இந்த ஸ்டாண்டை ராத்திரியில எங்க நட்டாலும் யாராவது வந்து நிப்பாங்க. ராதாபுரம் பக்கம் வயல்ல கிடை போட்டிருந்த பெரியவர் ஒருத்தர், டார்ச்சை என் மூஞ்சியில அடிச்சு, "என்ன தம்பி, ராத்திரியோட ராத்திரியா இடத்த அளக்கியளா? இங்கயும் காத்தாடி வரப்போவுதா?"ன்னாரு. "இல்ல தாத்தா, நட்சத்திரம் படம் பிடிக்கேன்"னேன். அவர் நம்பலை. ஓரியன் நெபுலாவைக் கேமராத் திரையில காட்டின பிறகும், "இதுக்கு எதுக்கு அளக்கிற கம்பு?"ன்னுட்டுத்தான் போனாரு.

தேரிக்காட்டுல கதை வேற. அந்தச் செம்மணல்ல கூர் நுனி எவ்வளவு அழுத்தினாலும் இறங்கிக்கிட்டே இருக்கும். பத்து நிமிஷத்துல ஒரு கால் மட்டும் தாழ்ந்து, சரிபண்ணி வச்ச துருவம் விலகிப்போகும். ஒவ்வொரு காலுக்கும் கீழ ஒரு அடிச் சதுர பிளைவுட் துண்டு, நடுவுல கூர் உட்கார ஒரு சின்னக் குழி. அவ்வளவுதான். பாறையில சங்கதி தலைகீழ், கூர் வழுக்கி மூணு காலும் விரிஞ்சிரும். மூணையும் இணைச்சு ஒரு கயிறு கட்டணும். போட்டோ ஸ்டாண்டே வாங்குறதா இருந்தா, திருகிப் பூட்டுற காலை விட்டுட்டு கிளிப் போட்டுப் பூட்டுற கால் வாங்குங்க. தேரி மணல் ஒரு தடவை திருகுக்குள்ள போச்சுன்னா நறநறன்னு ஆயுசுக்கும் சத்தம் கேட்கும். நடுக்கம்பை எந்தக் காரணத்துக்கும் உயர்த்தாதீங்க. பாரம் தொங்கவிடணும்னா அஞ்சு லிட்டர் தண்ணி கேனைத் தரையைத் தொட்ட மாதிரி கட்டுங்க. அந்தரத்துல ஆடினா கேனே ஸ்டாண்டை ஆட்டும்.

உயரமான ஸ்டாண்டுல நம்ம அட்சரேகைக்குன்னே ஒரு வசதி இருக்கு. டிராக்கரோட அச்சு 8.7 டிகிரிதான் சாயுது, கிட்டத்தட்ட படுத்திருக்கும். அதனால துருவ நட்சத்திரத்தைக் குறிபார்க்கிற போலார் ஸ்கோப்ல நேரா, கண்மட்டத்துல பார்க்கலாம். 50 டிகிரிக்காரன் மண்டி போட்டுக் கழுத்தைத் திருப்புற இடத்துல நாம நின்னுக்கிட்டே வேலையை முடிக்கலாம். கல்யாண வீட்டுல நாள் முழுக்கக் குனிஞ்ச முதுகுக்கு இது பெரிய உபகாரம். காத்தடிச்சா மட்டும் காலைக் குறைச்சுக்கிட்டு உட்கார்ந்துரணும்.

அதே படுத்த அச்சு வேற இடத்துல வம்பு பண்ணும். கேமராவுக்கு எதிர்ப்பாரமா மாட்டுற கவுண்டர்வெயிட் கம்பி நேர்கீழே தொங்கி, வடக்குப் பக்கம் நிக்கிற காலில போய் இடிக்கும். ஒரு காலைத் தெற்கே நட்டு, மத்த ரெண்டையும் வடக்குல விரிச்சா இடைவெளியில கம்பி சுத்தும். ஆனா பாரம் முழுக்க வடக்கே இருக்கிறதால அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். அதனாலதான் எடைகூடின ஸ்டாண்டு கேட்கிறேன். ஸ்டாண்டுக்கும் டிராக்கருக்கும் நடுவுல ஒரு அரையடித் தூண் போட்டுட்டா இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துரும்.

துருவ நட்சத்திரம் பத்தியும் கொஞ்சம் சொல்லணும். அவ்வளவு தாழ்வா இருக்கிறப்ப, தலைக்கு மேல பார்க்கிறதைவிட ஆறு மடங்கு காத்து வழியா அதைப் பார்க்கிறோம். தூசியும் ஈரமும் இருந்தா வெறுங்கண்ணுக்குச் சிக்காது. வள்ளியூருக்குத் தெற்கே நின்னா வடக்குல நெல்லை, பாளை வெளிச்சம் வேற. அதனால வடக்கே வெட்டவெளியா இருக்கிற குளத்துக்கரைதான் என் தேர்வு. காத்துமண்டலம் ஒளியை வளைச்சு அந்த உயரத்துல எல்லாத்தையும் சுமார் 6 ஆர்க்மினிட் (ஒரு டிகிரியில பத்துல ஒரு பங்கு) தூக்கியும் காட்டும். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 50 எம்.எம். லென்சுல அந்தப் பிசகு ஒரு பிக்சல் நகர்த்த பத்து நிமிஷத்துக்கு மேல ஆகும். 300 எம்.எம்.ல ரெண்டு நிமிஷத்துக்குள்ளயே தெரிஞ்சிரும். பால்வீதி மட்டும் எடுக்கிறவங்க போன் காம்பஸையும் லெவலையும் வச்சே ஒப்பேத்தலாம்.

இப்ப பேட்டரி. கணக்கு எளிது. லென்சுல பனி படியாம இருக்கச் சுத்துற ஹீட்டர் பட்டை 5 வோல்ட், 2 ஆம்பியர்னா 10 வாட். மார்கழி, தை ராத்திரியில அது இல்லாம ஒரு மணிநேரம்கூட தாங்காது. ஆறு மணிநேரத்துக்கு அதுக்கு மட்டும் 60 வாட் அவர். இதுக்கு மேல கேமரா, டிராக்கர்.

நம்மூர்ல கைக்கெட்டுற தூரத்துல இருக்கிறது மருந்தடிக்கிற ஸ்பிரேயர் பேட்டரி. 12 வோல்ட், 8 ஆம்பியர் அவர். பெருக்கினா 96 வருது. ஆனா லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல வடிச்சா சீக்கிரம் செத்துரும், ஆக 48தான். ஹீட்டருக்கே பத்தாது. டிராக்கருக்கு மட்டும்னா தாராளம். மச்சினன் தோட்டத்து ஸ்பிரேயர்ல இருந்து கழட்டிக்கிட்டு வந்து பல ராத்திரி ஓட்டியிருக்கேன், விடியறதுக்குள்ள திருப்பி மாட்டிரணும், இல்லன்னா பேச்சு வாங்கணும்.

சொந்தமா வாங்குறதுன்னா லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 12.8 வோல்ட், 12 ஆம்பியர் அவர் பேட்டரி 150 வாட் அவர் சொச்சம் தரும், பெரும்பகுதியை வடிக்கலாம், எடையும் ஸ்பிரேயர் பேட்டரியைவிடக் குறைவு. அதுக்கான சார்ஜரையே வாங்குங்க. ஆன்லைன்ல பேரு தெரியாத ஒரு கம்பெனியோடதை மலிவா வாங்கி, போட்டிருந்த கொள்ளளவுல பாதிகூட வராமத் திருப்பி அனுப்பியிருக்கேன். வாங்கின வாரமே ஒரு கார் பல்பை மாட்டி எத்தனை மணிநேரம் எரியுதுன்னு பார்த்துருங்க. பிளஸ் வயர்ல 5 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். கார் லைட்டர் சாக்கெட் வேண்டவே வேண்டாம், இருட்டுல கால் பட்டா கழண்டுரும். திருகிப் பூட்டுற டி.சி. பின் போடச் சொல்லுங்க, சவுண்டு சர்வீஸ்காரர் யாரும் அரைமணியில பற்றவச்சுத் தருவார்.

பவர் பேங்க் போதாதான்னு கேட்பாங்க. 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட் அவர், வெளியே வர்றப்ப இன்னும் குறையும். சின்ன டிராக்கருக்குப் போதும். ஆனா டிராக்கர் எடுக்கிற மின்சாரம் ரொம்பக் குறைவுங்கிறதால, போன் சார்ஜ் ஆகி முடிஞ்சுதுன்னு நினைச்சு பல பவர் பேங்க் தானே அணைஞ்சிரும். ஹீட்டர் பட்டையையும் அதே பேங்க்லயே செருகிட்டா அணையாது. டைப் சி வழியா 12 வோல்ட் எடுக்கப் போறவங்க, பெட்டியில 12 வோல்ட்னு அச்சடிச்சிருக்கான்னு பார்த்து வாங்குங்க. நிறைய பேங்க் 9க்கு அப்புறம் நேரா 15க்குத் தாவிரும்.

கடைசியா டிராக்கர். டிராக்கரே இல்லாம, நட்சத்திரம் கோடா இழுபடாம எத்தனை நொடி ஷட்டரைத் திறந்து வைக்கலாம்னு தெரிஞ்சுக்க, 500ஐ லென்சோட எம்.எம். எண்ணால வகுங்க: முழு ஃபிரேம் கேமராவுல 24 எம்.எம்.க்கு 20 நொடி, சின்ன சென்சார்ல 13, 14. 135 எம்.எம்.னா நாலு நொடிகூட இல்லை. அங்கதான் டிராக்கர் தேவைப்படுது.

நான் வச்சிருக்கிறது ஸ்கைவாட்சர் ஸ்டார் அட்வென்ச்சரர் 2ஐ. 5 கிலோ தாங்கும்னு போட்டிருக்கு, நான் அதுல பாதிக்கு மேல ஏத்துறதில்லை. நாலு பென்சில் செல்லுல ஓடும், யூ.எஸ்.பி.யிலயும் ஓடும். 135 லென்சோட அதைவிட வேற எதுவும் எனக்கு வேண்டியிருக்கலை. புதுசா வாங்குறவங்களுக்கு, கூடுதல் காசு இருந்தா அதே ஸ்டார் அட்வென்ச்சரர்ல ஜி.டி.ஐ. மாடலைச் சொல்வேன். அதுல ரெண்டு அச்சிலயும் மோட்டார் இருக்கு. லேப்டாப்ல நினா மென்பொருளை இலவசமா இறக்கி, வானத்துல மூணு இடத்தைப் படமெடுத்தே துருவத்தைச் சரிபண்ணலாம், துருவ நட்சத்திரம் தெரியவே வேண்டாம். நம்மூருக்கு இது மத்த எல்லா வசதியையும்விடப் பெரிசு. ஜி.டி.ஐ. 12 வோல்ட் கேட்கும், பேட்டரியை முதல்ல வாங்கச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். இசட்.டபிள்யு.ஓ. கம்பெனியோட ஏ.எம்.5 மாதிரி, ஹார்மானிக் கியர் வச்ச பெரிய மவுண்டுகள் 13 கிலோ வரைக்கும் கவுண்டர்வெயிட்டே இல்லாம சுமக்கும், கால் இடிக்கிற பேச்சே இல்லை. விலை லட்சத்துக்கு மேல. நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால அதோட நிறுத்திக்கிறேன்.

எப்ப போகணும்னா தையில இருந்து சித்திரை வரைக்கும். ஆனி, ஆடியில காத்தும் சாரலும், ஐப்பசி, கார்த்திகையில மழை. பங்குனிக் கடைசியில நடுராத்திரி உவரிப் பக்கம் கடலைப் பார்த்து நின்னா தென்சிலுவை எழுந்து நிக்கும். சித்திரை பிறக்கிறப்ப ஒமேகா செண்டாரி நட்சத்திரக் கொத்து 34 டிகிரி உயரத்துல வரும். 50 டிகிரிக்காரனுக்கு அது அடிவானத்துக்கு மேலயே வராது. கூடங்குளம், மகேந்திரகிரி, விஜயநாராயணம் பக்கம் மட்டும் ஸ்டாண்டை இறக்காதீங்க. ஒண்ணு அணுமின் நிலையம், ஒண்ணு இஸ்ரோ, ஒண்ணு கடற்படை. களக்காடு, முண்டந்துறைக் காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம ராத்திரி தங்கவும் முடியாது. உவரியில இருந்து வந்தா ஸ்டாண்டுக் காலை நல்ல தண்ணியில கழுவித் துடைச்சிருங்க, உப்பு இரும்புக் கூரை ஒரே மாசத்துல தின்னுரும்.

சர்வே ஸ்டாண்டு அடாப்டருக்கு லேத் பட்டறைக்குப் போறவங்க கேட்க வேண்டியது: கீழே 5/8 இன்ச், இன்ச்சுக்கு 11 திரெட், உள்திருகு. மேலே 3/8 இன்ச், 16 திரெட், வெளித்திருகு. வாயால சொன்னா மாத்திக் கடைஞ்சிருவாங்க. ஸ்டாண்டையும் டிராக்கரோட அடித்தட்டையும் கையோட கொண்டுபோய், ரெண்டையும் மாட்டிப் பார்த்த பிறகு காசைக் கொடுங்க.