தறிச் சத்தத்துக்கு நடுவே இருபது நிமிடம்: மனவளக்கலை வகுப்பு பற்றி, ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு

எங்கள் வீட்டின் பின்பக்கம் எட்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. குமாரபாளையத்தில் தெருவுக்குத் தெரு இப்படித்தான். காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டால் இரவு வரை, ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா அடிக்கும் சத்தம் ஓயாது. மின்சாரம் நின்றால்தான் ஊர் அடங்கும். மற்றவர்களுக்கு அது நிம்மதி, எனக்கோ படபடப்பு. எந்த இழை அறுந்தது, எந்தச் சரக்கு நேரத்துக்குப் போகாது, யாருக்கு என்ன பதில் சொல்வது என்று மனம் ஓட ஆரம்பித்துவிடும். படுக்கையில் விழுந்த பிறகும் காதுக்குள் நாடா அடித்துக்கொண்டே இருக்கும். ஐம்பத்தொரு வயதில் தூக்கம் மூன்று மணி நேரத்துக்குச் சுருங்கியபோது, பக்கத்துத் தெரு அக்கா என்னை, எளிய உடற்பயிற்சியும் தவம் என்கிற தியானமும் சொல்லிக்கொடுக்கும் மனவளக்கலைத் தவமையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சேர்ந்த வாரமே எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். மூன்றாம் மாதம் எழுதியிருந்தால் திட்டியிருப்பேன். ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டதால் இப்போது நிதானமாக எழுத முடிகிறது.

பெண்களுக்கான வகுப்பு காலை பத்தரை மணிக்கு. சமையலை முடித்து, தறிக்காரர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டுப் போகத் தோதான நேரம். கட்டணம் எங்கள் வீட்டின் ஒரு வாரக் காய்கறிச் செலவுக்குள் அடங்கிவிட்டது. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் "வாழ்க வளமுடன்" என்கிறார்கள். தொலைபேசியை எடுத்தாலும் அதுதான் முதல் சொல். ஆரம்பத்தில் எனக்கு அது வாயில் வரவில்லை, கூச்சமாக இருந்தது.

என் கூச்சத்தைப் போக்கியது சுவரில் இருந்த படத்தைக் காட்டி ஆசிரியை சொன்ன ஒரு செய்தி. மனவளக்கலையை உருவாக்கிய வேதாத்திரி மகரிஷி 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், சிறுவயதிலேயே தறியில் உட்கார்ந்தவர் என்றார். பிறகுதான் உலக சமுதாய சேவா சங்கம் (1958), ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயில் (1984) என்பதெல்லாம். பாவும் ஊடையும் தெரிந்த ஒருவர் சொன்னது நமக்குப் புரியாமல் போகாது என்று அன்று தோன்றியது. அந்த எண்ணம் பெரும்பாலும் பொய்க்கவில்லை.

முதலில் உடற்பயிற்சி. கை, கால், மூச்சு, கண், கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், கடைசியில் உடல் தளர்த்தல். குதிப்பதும் வளைப்பதும் கிடையாது, புடவையோடுகூடச் செய்யலாம். சுடிதார் இருந்தால் வசதி. எனக்கு மிகவும் பிடித்தது உடல் தேய்த்தல். பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் எண்ணெய் தேய்த்துவிட்ட கை இது, என் பாதத்தை நானே அத்தனை கவனமாகத் தொட்டது அன்றுதான். மகராசனம் மட்டும் எனக்கு இடுப்பில் பிடித்தது. ஆசிரியை பார்த்துவிட்டு, முடிந்த அளவு போதும், வலியோடு செய்ய வேண்டாம் என்றார். இடுப்பு வலி உள்ளவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அடுத்து ஆக்கினைத் தவம். ஆசிரியை புருவ மத்தியில் விரல் நுனியால் தொட்டார், அந்த இடத்திலேயே நினைவை வைக்கச் சொன்னார். எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு இருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் ஒருவர் ஒளி கண்டதாகச் சொன்னார். எனக்கு ஒளியும் வரவில்லை, வண்ணமும் வரவில்லை. ஒன்றும் நடக்கவில்லையே என்று ஒரு மாதம் ஏங்கினேன். இப்போது ஏங்குவதில்லை. கவனம் நழுவுவதும், நழுவியதை நாம் கண்டுகொள்வதும், திரும்பக் கொண்டுவந்து வைப்பதும்தான் வேலை. தறியில் இழை அறுந்தால் நிறுத்தி முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டுகிறோமே, அதேபோல. முடிச்சுப் போடுவதற்காக எந்த நெசவாளியும் வெட்கப்படுவதில்லை.

ஆக்கினையிலேயே நெடுநேரம் நின்றால் தலை கனக்கும். அதற்குத்தான் சாந்தித் தவம், கவனத்தை முதுகுத்தண்டின் அடிக்கு இறக்குவது. இதை விட்டுவிட்டு ஆக்கினையை மட்டும் செய்துகொண்டிருந்த வாரத்தில் எனக்கு நெற்றி பாரமாக இருந்தது. சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே செய்வது நல்லது. உச்சந்தலையில் நினைவை வைக்கும் துரியம் பிறகு வருகிறது. எனக்கு இன்றும் சாந்திதான் நெருக்கம். இரவில் அதைச் செய்துவிட்டுப் படுத்தால் காதுக்குள் நாடா அடிப்பது மெல்லக் குறைகிறது. தூக்கம் இப்போது ஐந்தரை மணி நேரம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நான் போகும் மையத்தின் கூடத்துக்குத் தகரக் கூரை. கத்திரி வெயிலில் பதினொரு மணிக்கு உள்ளே உட்கார முடியவில்லை, இருந்த இரண்டு மின்விசிறிகளும் போதவில்லை. பல நாள் வகுப்பு இருபது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. தறி ஓடும் வீட்டுப் பெண்களுக்கு இருபது நிமிடம் என்பது ஒரு உலை அரிசி. வகுப்பில் சொல்லும் விளக்கங்களில் சில சொற்கள் மிகவும் கனமானவை. காந்தம், அலை, உயிர்த்துகள் என்று போகும்போது எனக்குப் பாதிதான் புரிந்தது. புரியாமலே பயிற்சி செய்ய முடிகிறது என்பதால் அதை விட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் விட மாட்டேன். உடன் பயிலும் ஒரு அம்மா, இதைச் செய்தால் இரத்த அழுத்த மாத்திரையே வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். யார் சொன்னாலும் இதைக் கேட்காதீர்கள். என் மாத்திரையை நான் நிறுத்தவில்லை. மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் அது.

இனி நான் இதை எழுத உட்கார்ந்த காரணம். தவத்தைவிட எனக்கு அதிகம் கொடுத்தது அகத்தாய்வு, நம் மனத்தை நாமே ஆராய்ந்து பார்ப்பது. ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் கொண்டுவரச் சொன்னார்கள். கவலைகளை எல்லாம் எழுதி, நான்கு பங்காகப் பிரிக்க வேண்டும்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. நான் பதினான்கு எழுதினேன். நூல் விலை ஒன்று, மாமியாரின் கண் அறுவை ஒன்று. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத தறிக்காரர், ஓட்டை விழுந்த தொட்டி... பிரித்து முடித்துப் பார்த்தால் பதினான்கில் ஆறு வெவ்வேறு வார்த்தைகளில் ஒரே கவலை. என் பெரிய மகன் தறியை விட்டுவிட்டுத் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்கிறான். அதை எந்தப் பங்கில் போடுவது என்று தெரியாமல் நான்கிலும் போட்டிருந்தேன்.

அடுத்தது சினம் தவிர்த்தல். யார்மேல் அடிக்கடிக் கோபம் வருகிறதோ அவர்கள் பெயரை எழுதி, தவம் முடியும்போது ஒவ்வொருவரையும் நினைத்து வாழ்த்த வேண்டும். என் பட்டியலில் முதல் பெயர் மகன்தான். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வாழ்த்தினேன். உண்மையில் அது வாழ்த்தே இல்லை. ஆனாலும் தினமும் ஒருமுறை அவன் முகத்தைக் கோபம் இல்லாத நேரத்தில் நினைக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பு கோபத்தோடுதான் நினைத்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

பதில் தவத்தில் வரவில்லை. ஏழாவதோ எட்டாவதோ வாரம், ஒரு நண்பகலில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். மின்சாரம் நின்றது. எட்டுத் தறியும் ஒன்றாக அடங்கின. வழக்கமான படபடப்பு நெஞ்சில் ஏறியது, ஆனால் இந்த முறை அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தறி நின்றுவிட்டது, நின்றுவிட்டது என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது. என் பயம் மகனைப் பற்றியது இல்லை, இந்தச் சத்தம் ஒருநாள் நிரந்தரமாக நின்றுவிடுமே என்பதுதான் என்று அப்போது பிடிபட்டது. அதற்காக அவனைக் கட்டிப்போட்டு வைத்திருந்தேன். யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. எனக்குள்ளேதான் இருந்திருக்கிறது. சத்தத்தில் கேட்கவில்லை.

அன்று இரவு சாப்பாடு போடும்போது, "போய்ப் பார் சாமி. பிடிக்காவிட்டால் திரும்பி வா" என்றேன். அவன் இரண்டு வாய் சாப்பிட்டு முடித்துத்தான் நிமிர்ந்தான். "அம்மா, ஞாயிறுதோறும் வந்து கணக்குப் பார்த்துவிடுகிறேன்" என்றான். வருகிறான். போன மாதம் ஒரு ஞாயிறு மட்டும் தவறியது.

ஆகஸ்ட் 30-ஐ மனைவி நல வேட்பு நாளாக மையத்தில் கொண்டாடுகிறார்கள். மகரிஷியின் துணைவியார் லோகாம்பாள் அம்மையாரின் பிறந்த நாள் அது. கணவர் மனைவிக்கு மலர் கொடுக்க, மனைவி கணவருக்குக் கனி கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் வரவே மாட்டேன் என்றவர், கடைசி நேரத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். முப்பது ஆண்டில் அவர் கையால் எனக்குக் கொடுத்த முதல் பூ. இதற்காக மட்டுமே சேரலாம் என்று சொல்வேன்.

இப்போது வகுப்புக்கு வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை மட்டும் போகிறேன். மற்ற நாட்களில் காலை நாலே முக்காலுக்குப் பூஜை அறை வாசலில் பாய் போட்டு இருபது நிமிடம் உட்கார்கிறேன். மோட்டார் போடுவதற்கு முன் முடிந்துவிடும். சில நாள் தவறுகிறது. நோட்டை மாதம் ஒருமுறை திறக்கிறேன். போன முறை ஒன்பது கவலைதான் வந்தது. தறிக்காரரின் முன்பணம் இன்னும் இருக்கிறது. அது அனுபவித்தே தீர வேண்டியது.

அவசரமாகப் பலன் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. உட்காரவும் எழுதவும் பொறுமை உள்ளவர்கள், உங்கள் ஊரில் மையம் எங்கே என்று விசாரித்து, முதல் நிலை வகுப்பில் மட்டும் முதலில் சேருங்கள். அடுத்த நிலைக்கு ஆறு மாதம் கழித்துப் போகலாம். நான் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைந்த ஒன்று தகரக் கூரைக்கும் தாமதத்துக்கும்.

வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகு என்னிடம் என்ன மாறியிருக்கிறது என்று என் ஓர்ப்படி இரண்டு முறை கேட்டுவிட்டாள். வரும் புதன்கிழமை அவளையும் கூட்டிப் போகிறேன். முழங்கால் வலி உள்ளவள். நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன்.