பிஸ்கட் ரின்னா, சிப்லொக் பையா? கழற்றிய மொறிஸ் மைனரை எதில் போட்டு வைப்பது

மொறிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் காரைக் கழற்ற இரண்டு சனி ஞாயிறு போதும். திரும்பப் பூட்டுகிற நாள் நம் கையில் இல்லை. தகரவேலை பாஸ் "இன்னும் ரெண்டு கிழமை தம்பி" என்பார். தைப்பொங்கலில் சொன்ன அந்த இரண்டு கிழமை தீபாவளிக்கும் முடியாது. இந்த இடைவெளியில்தான் சாமான் தொலைகிறது, கறல் பிடிக்கிறது, எது எங்கே இருந்தது என்பதே மறந்துபோகிறது. ஆகவே எதில் போட்டு வைப்பது என்று கேட்குமுன் எத்தனை நாளைக்கு என்று கேட்க வேண்டும். நான் இருப்பது வெள்ளவத்தையில், கடற்காற்று நேரே வந்து விழுகிற ஒழுங்கையில். கீழே சொல்பவை எல்லாவற்றையும் இங்கேயே செய்து பார்த்திருக்கிறேன்.

முதலில் பிஸ்கட் ரின். அப்பா காலத்து முறை: ஒரு ரின்னில் போல்ட், இன்னொன்றில் நட்டு, மூன்றாவதில் வாஷர். காசு செலவில்லை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம், பழைய எஞ்சின் ஒயில் கொஞ்சம் ஊற்றிவிட்டால் கறலும் அண்டாது. ஆறு கிழமைக்குள் முடிகிற வேலை என்றால் இதையே செய்யுங்கள் என்பேன். அதற்கு மேல் போனால் வேண்டாம். வகை பிரித்துப் போடுவதுதான் இதில் உள்ள கோளாறு. ஒரே வகை என்று கண் சொல்வது ஒரே வகை அல்ல.

மைனரில் நிறைய வருவது 5/16 அங்குல போல்ட். அதாவது 7.94 மில்லிமீற்றர். பஞ்சிகாவத்தைக் கடைகளில் குவிந்து கிடக்கும் ஜப்பான் கார்ச் சாமான்களோடு வருவது எம்8, அது 8 மில்லிமீற்றர். கையில் எடுத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் மைனரின் போல்ட்டில் இருப்பது யூஎன்எஃப் என்ற நெருக்கப் புரி, அங்குலத்துக்கு 24. எம்8இன் வழக்கமான புரி 1.25 மில்லிமீற்றருக்கு ஒன்று, அங்குலத்துக்குக் கணக்குப் பார்த்தால் இருபதும் சொச்சமும். போதாக்குறைக்கு யூஎன்சி என்ற அகலப் புரியும் உண்டு, அதே 5/16இல் அங்குலத்துக்கு 18. மாறிப் பூட்டினால் முதல் இரண்டு சுற்று சுகமாகப் போகும், பிறகு இறுகும். பழைய கார்தானே, இறுக்கமாகத்தான் இருக்கும் என்று ஸ்பனரை ஒரு தம் பிடித்தேன். சத்தம் எதுவும் வரவில்லை, திடீரென்று இலகுவாகிவிட்டது. புரி போச்சு. அந்த எம்8 எப்படியோ என் போல்ட் ரின்னுக்குள் குடிவந்திருந்தது.

அடுத்தது சிப்லொக் பை. புறக்கோட்டையில் எல்லா அளவிலும் வாங்கலாம். இதன் பலம், வகையாக அல்லாமல் வேலையாகப் பிரிக்கலாம் என்பது: பின் பம்பருக்கு ஒரு பை, இடப்பக்கக் கதவின் பூட்டுக்கு ஒரு பை. அந்த வேலைக்கு உட்காரும்போது அந்தப் பையை மட்டும் திறந்தால் சரி. எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இரண்டு பாடம் படித்தேன்.

ஒன்று, பைக்கு மேலே மார்க்கர் பேனாவால் எழுதக் கூடாது. பெற்றோல் பட்ட விரலால் தொட்டேன், "முன் வலது" என்று இருந்தது நீலக் கறையாகிவிட்டது. மட்டைத் துண்டில் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். பென்சில் எழுத்து பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கரையாது. எத்தனை போல்ட், எத்தனை வாஷர் என்ற எண்ணிக்கையும் அதிலேயே இருக்கட்டும்.

இரண்டு, பை ஈரத்தை வெளியே நிறுத்துகிற அளவுக்கு உள்ளேயும் பிடித்து வைத்திருக்கும். ஒக்டோபர் மழைக்காலத்தில் ஒருநாள் மாலை கழுவித் துடைத்து உடனே மூடிவைத்தேன். அடுத்த மாதம் பார்க்கும்போது பையின் உட்பக்கம் முத்து முத்தாக நீர், போல்ட்டெல்லாம் செம்மண் நிறம். இப்போது மத்தியான வெயிலில் ஒரு தகரத்தில் பரப்பிக் காயவிட்டு, ஒயில் துணியால் துடைத்து, காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டுத்தான் மூடுகிறேன். றப்பர் சாமான்களுக்குத் தனிப் பை. பிறேக்கின் றப்பர் வோஷரில் ஒயில் பட்டால் அது உப்பிப் பழுதாகிவிடும்.

அறை அறையாகப் பிரித்த பிளாஸ்ரிக் பெட்டி பார்க்க அழகு. கார்பரேற்றரின் ஜெட், ஊசி, சின்ன ஸ்பிரிங்குகளுக்கு இதைவிட நல்லது இல்லை. மற்றதற்கு எனக்கு நம்பிக்கை இல்லை. மலிவான பெட்டிகளில் தடுப்பு மூடிவரை எட்டாது. ஒருமுறை சரிந்தால் மெல்லிய வாஷர்கள் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

காட்போட் பெட்டியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கறையானும் கரப்பானும் இருக்கிற ஊர் இது. குரோம் பம்பரைப் பத்திரிகைத் தாளில் சுற்றுவதும் அப்படித்தான், தாள் ஈரத்தை உறிஞ்சிக் குரோமுக்கே கொடுக்கும். பழைய சாரத் துணியில் சுற்றுவது நல்லது.

பையும் வேண்டாம், ரின்னும் வேண்டாம் என்கிற இன்னொரு வழியும் உண்டு: கழற்றிய போல்ட்டை அதே துளையிலேயே இரண்டு சுற்று திருப்பி வைத்துவிடுவது. டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டர் போன்றவற்றுக்கு இதுவே முதலிடம், எழுதவும் தேவையில்லை. பெயின்ற் அடிக்கப்போகிற பகுதிக்கும் முலாம் பூசக் கொடுக்கிற போல்ட்டுக்கும் மட்டும் சரிவராது. முலாம் கடையில் எல்லாம் ஒரே வாளிக்குள்தான் போகும். கொடுப்பதற்கு முன் ஒரு தாளில் வரிசையாகப் படுக்கவைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அந்தத் தாளை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினின் உட்பகுதிக்கு இவை எதுவும் உதவாது. அங்கே வரிசைதான் முக்கியம். வால்வைத் தூக்குகிற எட்டு டெப்பட்டும், அவற்றைத் தள்ளுகிற கேம்ஷாஃப்ற் என்ற சுழல் தண்டில் தத்தம் இடத்தோடு சேர்ந்து தேய்ந்திருக்கும், மாறிப்போனால் இரண்டும் கெடும். நான் முட்டை தட்டில் ஒன்றிலிருந்து எட்டுவரை எண் போட்டு வைத்தேன். புஷ்றொட் என்ற தள்ளுகம்பி எட்டையும் ஒரு மட்டையில் துளை போட்டுச் செருகினேன். பிஸ்டனைப் பிடிக்கிற கொனெக்டிங் றொட்டின் மூடி நான்கும் அந்தந்த றொட்டோடு பூட்டியே இருக்க வேண்டும். முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக வேலை செய்கிற டோர்ஷன் பார் என்ற இரும்புத் தண்டு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், ஆனால் இவ்வளவு காலம் ஒவ்வொன்றும் தன் தன் பக்கமாக முறுகிப் பழகியவை. கழற்றும்போதே இடது, வலது என்று கம்பியில் தகடு கட்டிவிடுங்கள்.

இப்போது என்னிடம் 58 பைகள், இறுக மூடுகிற மூன்று பெரிய பிளாஸ்ரிக் பெட்டிகளுக்குள், நிலத்தில் முட்டாமல் செங்கல்லுக்கு மேல். முன் கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிறது, படுக்கவைத்தால் வெடித்துவிடும் என்று பயம். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. போன கிழமை எல்லாப் பையையும் மட்டையோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்த்தேன். 41ஆம் பையில் "பின் பம்பர், போல்ட் 6" என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. உள்ளே ஏழு.